என் மகனை நானே விசாரித்த கதை

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல் அனுப்புகிறேன். உறையின் வாயைத் திறந்தபடியே முதலில் உன் அம்மாவிடம் கொடுப்பேன். அவள் வாசித்த பிறகு பக்கத்து வளவுக்காரி வாசிப்பாள், அதன் பிறகு சந்திக் கடையில் யாராவது உரத்து வாசிப்பார்கள். வாசிக்கட்டும். உன்னைப் பற்றி இந்த ஊருக்குப் பல வருடங்களாக ஒரு சந்தேகம் உண்டு, நானும் இந்த ஊரில் ஒருவன்தான். ஊருக்கு வந்த சந்தேகத்தை ஊருக்கு முன்னால் வைத்துத்தான் தீர்க்க வேண்டும். லீவில் வந்து திரும்புகிற ஒரு பிள்ளையின் கையில் இது உனக்கு வந்து சேரும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். உடனே பாய்ந்து கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்தவன் நீ. எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய்.

உன் அப்பாவின் தொழில் உனக்குத் தெரியும், ஆனாலும் ஊர் வாசிக்கிற கடிதம் என்பதால் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அதன் பிறகு தோட்டங்களில் இறைப்பு மிசின் திருத்தினேன். வலிகாமத்தில் என் கை படாத மிசின் குறைவு. மிசின் திருத்துகிறவன் கிணற்றடி வரை போவான். கிணற்றடிக்குப் போனவனுக்கு அந்த வீட்டின் எல்லாச் சங்கதியும் காதில் விழும். அதனால்தான் பெண்ணைப் பெற்றவர்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். "அண்ணை, இன்ன இடத்திலை ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருக்கு, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்பார்கள். நான் தரகன் இல்லை. ஒரு சதம் வாங்கியதில்லை. சந்தேகப்படுவது எனக்குப் பிடிக்கும், அதற்காகப் போனேன்.

என் முறை ஒன்றுதான். மாப்பிள்ளையை நல்லவன் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பதில்லை. அவனோடு கோபமாக இருப்பவனைத் தேடிப் பிடிப்பேன். கொடிகாமத்தில் ஒரு மாப்பிள்ளையைக் கோயில் தலைவர் புகழ்ந்தார், தலைமை ஆசிரியர் புகழ்ந்தார், சலூன்காரன்கூடப் புகழ்ந்தான். கோபமாக இருந்தவன் அவனுடைய சொந்தத் தமையன். தாய்க்கு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்தபோது தம்பிக்காரன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்தக் கலியாணம் அதோடு நின்றது. இன்னொருவனை முரடன், சண்டைக்காரன் என்று ஊரே திட்டியது. யார் கோபம் என்று பார்த்தால், திருட்டு மண் ஏற்றுகிற ஒருவன். மண் ஏற்றிய உழவு மிசின் போக மாப்பிள்ளை தன் வளவால் வழி விடவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டிக் கொடுங்கோ என்றேன். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் என்னைக் கண்டால் பகிடி விடுவார்கள்.

இனி உன்னிடம் வருகிறேன். டொக்டருக்குப் படிக்க ஜோர்ஜியாவுக்குப் போகிறாய் என்றதும் ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்கையிருந்து எங்கை?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவன் ஒரு நாட்டுக்குப் போகிறான் என்றால் அந்த நாட்டுக்கே போகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. அது பஸ் மாறுகிற சந்தி. ஏறுகிற பஸ் வேறு. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் வெளியே சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் போன் எடுத்தாய்.

"அப்பா, நான் டொக்டர் படிப்பை விட்டிட்டன். மொழி படிக்கப்போறன்."

"என்ன மொழி? இங்கிலீசோ?"

"இல்லையப்பா, இந்த நாட்டு மொழி. ஜோர்ஜிய மொழி."

"விளங்குது, விளங்குது. போனிலை கனக்கக் கதையாதை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு உன் அம்மாவிடம், "மொழியெண்டது சாட்டு. உவன் எல்லை தாண்ட வெளிக்கிட்டிட்டான்" என்றேன். அவள் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். நான் போலந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ போன் வரும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நீ எடுத்தாய், ஒவ்வொரு முறையும் அதே ஜோர்ஜியா. மாதங்கள் போயின, வருடங்கள் போயின, நீ எல்லையைத் தாண்டவேயில்லை. சந்திக் கடையில் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தொடங்கினார்கள். "கெட்டிக்காரப் பெடியன். அவசரப்படேல்லை, பாத்தியளே. மற்றவங்கள் அவசரப்பட்டுத்தான் பிடிபட்டவங்கள்." நானும் தேத்தண்ணியைக் குடித்தபடி தலையாட்டினேன்.

ஒரு முறை போனில் உன் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை "மாமா, மாமா" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. எவளையோ கட்டி, அவளுடைய அண்ணன் பிள்ளைகளுக்கு மாமாவாகியும் விட்டான் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். அந்த நாட்டில் தகப்பனைத்தான் மாமா என்பார்களாம், அது வீட்டுக்காரரின் பிள்ளை தன் தகப்பனைக் கூப்பிட்டதாம். நல்ல விளக்கம். நானாக இருந்தாலும் அப்படி ஒன்றைத்தான் கண்டுபிடித்திருப்பேன்.

பிறகு நீ உன் பெயர் போட்ட புத்தகம் ஒன்றை அனுப்பினாய். எழுத்தெல்லாம் வளையம் வளையமாக இருந்தது. மலையாளத்தைத் தலைகீழாக அச்சடித்து அனுப்பியிருக்கிறான் என்று சந்தேகப்பட்டு அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலியில் இருக்கிற யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போனேன். அங்கே படிப்பிக்கிற ஒரு பெடியன் புரட்டிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் சுருக்கம் இருந்ததாம். பின்பக்கத்தில் விடை வைக்கிற புத்தி உன்னை விட்டு இன்னும் போகவில்லை.

"ஐயா, இது ஜோர்ஜிய மொழிதான். மலைக் கிராமங்களிலை இருக்கிற சனம் தங்கடை நோவை என்னென்ன சொல்லாலை சொல்லுதெண்டு உங்கடை மகன் அகராதி செய்திருக்கிறார்."

"நோவுக்கு அகராதியோ? மருந்து ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை ஐயா, சொல்லுத்தான்."

"அப்ப ஏன் டொக்டர் படிப்பை விட்டவன்?"

அவன் அந்த ஆங்கிலச் சுருக்கத்தில் இருந்த உன்னுடைய முன்னுரையைப் படித்து விளங்கப்படுத்தினான். நீ மாணவனாக ஆஸ்பத்திரியில் நின்றபோது மலையிலிருந்து வந்த ஒரு வயதானவர் தன் நெஞ்சுக்குள் நடப்பதைத் தன் ஊர்ச் சொல்லில் சொன்னாராம். பட்டணத்து டொக்டர்மாருக்கு அந்தச் சொல் விளங்கவில்லையாம். பின்னேரம் அவர் செத்துப்போனார். நீ அந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டு, அது என்ன நோவு என்று கேட்க அவருடைய ஊருக்குப் போனாய். போனவன் திரும்பி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னுரையை எழுதியவன் நீ. தன்னைப் பற்றித் தானே எழுதியதை நான் எந்த மாப்பிள்ளை விஷயத்திலும் சாட்சியாக எடுத்ததில்லை.

இந்த நிலைமையில்தான் நிரோஜாவின் சம்பந்தம் பொருந்தி வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற பிள்ளை, உன்னோடு போனில் சில தரம் கதைத்திருக்கிறாள், உனக்கும் விருப்பம், அவளுக்கும் விருப்பம் என்றார்கள். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குக்கு நாள் பார்ப்பதற்கு முதல் ஒரு காலை அவளுடைய தகப்பன் தர்மலிங்கம் எங்கள் படலையில் வந்து நின்றார். பஸ் நிலையத்தில் ரைம் கீப்பராக இருந்து பென்சன் எடுத்த மனிதர். எந்தச் சாரதி சொல்லும் காரணத்தையும் நம்பாமல் வாழ்க்கையை ஓட்டியவர். கதிரையில் இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அண்ணை, நீங்கள் ஊரான்வீட்டுப் பெடியளை எல்லாம் விசாரிச்சுச் சொன்னனீங்கள். உங்கடை சொல்லாலை எத்தினை கலியாணம் நடந்தது, எத்தினை குழம்பினது. இப்ப எனக்கு ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருக்கு. விசாரிச்சுச் சொல்லுங்கோ."

"ஆர் மாப்பிள்ளை?"

"உங்கடை மகன்."

"விசர்க் கதை கதைக்கிறீர். தேப்பன் மகனை விசாரிக்கிறதோ?"

"வேறை ஆரை நான் கேக்கிறது? ஜோர்ஜியாவிலை எனக்கு ஆர் இருக்கினம்? மொழி அறிஞர் எண்டு சொல்லினம். அப்பிடி ஒரு உத்தியோகம் இருக்கெண்டு என்ரை ஆக்கள் ஒருத்தரும் நம்பினமில்லை."

"நான் அவனைச் சும்மா நல்லவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனால்?"

"சொல்லமாட்டியள். சொந்தத் தங்கச்சியின்ரை மகளுக்கு வந்த சம்பந்தத்தையே குழப்பின ஆள் நீங்கள். நீங்கள் ஓம் எண்டால் நாள் வைப்பம். இல்லையெண்டால் என்ரை பிள்ளைக்கு நான் வேறை இடம் பாக்கிறன்."

அவர் போனதும் உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு மூளை பிசகிப் போச்சே? பெத்த பிள்ளையை ஆரும் விசாரிப்பினமோ? நல்ல பிள்ளையெண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"நல்ல பிள்ளையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீர் தாய். தாயின்ரை சாட்சி எடுபடாது."

அன்றைக்கு எனக்குக் கிடைத்தது வெறும் சோறும் சொதியும்தான். ஆனால் தம்பி, உள்ளுக்குள் எனக்கும் பயமாக இருந்தது. இத்தனை காலமும் ஊரான்வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையில் கையை விட்டவன், சொந்த மகன் என்றதும் கண்ணை மூடினால் அதற்குப் பெயர் வேறு. விசாரித்து ஏதாவது வெளிவந்தால் உன் கலியாணத்தை என் வாயாலேயே குழப்ப வேண்டும். அதுவும் முடியாது. இரண்டு நாள் மிசின் எதையும் தொடவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்தில் மிசின் சாமான் கடை வைத்திருக்கும் என் கூட்டாளியின் மகளைப் பிடித்தேன். தனுசிகா, நீ இருக்கிற பட்டணத்தில்தான் டொக்டருக்குப் படிக்கிறாள். உண்மையாகவே படிக்கிறாள்.

"அண்ணையோ அங்கிள்? அவரை இஞ்சை எங்கடை பெடி பெட்டையள் எல்லாருக்கும் தெரியும். நோயாளியளோடை கதைக்க எங்களுக்கு ஜோர்ஜிய மொழி சொல்லித்தாறவர். சரியான நல்லவர்."

"நல்லவர் எண்டுறதை விடு பிள்ளை. அவனோடை கோவமான ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

சிரித்தாள். கொஞ்சம் கூடவே சிரித்தாள் என்பது அப்போதே எனக்குப் பட்டது. "ஒராள் இருக்கிறார் அங்கிள். அவரின்ரை பேராசிரியர்."

இப்படித்தான் உன் பேராசிரியர் என் போனுக்குள் வந்தார். வெள்ளை மீசை, புருவமும் இன்னொரு மீசை மாதிரி, பின்னால் சுவர் முழுக்கப் புத்தகம். அவர் ஒரு பக்கம் முழங்க, தனுசிகா நடுவில் இருந்து தமிழாக்க, நான் கிணற்றுக்கட்டில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டேன். முதலில் வழமையான கேள்வி.

"குடிக்கிறவனோ எண்டு கேள் பிள்ளை."

அவர் மேசையில் அடித்தார். "அங்கிள், கத்துறார்."

"குடிகாரனோ அப்ப?"

"இல்லை, குடிக்கிறேல்லையாம் எண்டு கத்துறார். விருந்திலை செத்த ஆக்களை நினைச்சு வைன் கிண்ணத்தை உயர்த்தேக்கையும் அண்ணை தண்ணியைத் தூக்கிக்கொண்டு எழும்பி நிப்பாராம். தண்ணியாலை வாழ்த்துறது இஞ்சை பெரிய மரியாதைக் குறைவு. பேராசிரியரின்ரை தேப்பனை நினைச்சும் தண்ணியாம்."

எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மாப்பிள்ளை குடிக்க மாட்டான் என்று ஒருவன் இவ்வளவு கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆளை நீ முன்கூட்டியே ஒழுங்கு பண்ணியிருப்பாயோ என்றுகூட நினைத்தேன்.

"உதுக்கோ கோவம்?"

"இல்லை அங்கிள். கோவம் வேறை." அவர் நீளமாகச் சொன்னார், அவள் சுருக்கிச் சொன்னாள். மலைக் கிராமங்களில் வயதானவர்கள் தங்கள் நோவைச் சொல்லும் குரல்களை நீ ரெக்கோட் பண்ணினாயாம். அகராதியின் எல்லாப் பாகமும் வரும்வரை அதெல்லாம் பேராசிரியரின் நிறுவனத்தில் பூட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே உள்ள முறையாம். நீ யாரையும் கேட்காமல் ஒவ்வொரு குரலையும் பிரதி எடுத்து அந்த அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் செத்துப்போன தகப்பனின் குரலைப் போட்டுக் கேட்கிறார்களாம், ஒருத்தி அதை உலகம் முழுக்க இன்டர்நெற்றில் விட்டுவிட்டாளாம். "பத்து வருஷ வேலையைத் தெருவிலை போட்டிட்டான் எண்டுறார் அங்கிள். அடுத்த வருஷம் அண்ணைக்கு வேலையை நீட்டிக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லையாம்."

தம்பி, இதை நீ எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கதைத்தாய், சொல்லவில்லை.

"ஏன் அப்பிடிச் செய்தவன் எண்டு கேள்."

மீசைக்காரர் இப்போது மெதுவாகக் கதைத்தார். தனுசிகா தமிழில் சொன்னாள். "அவரும் அதைத்தான் கேட்டவராம். எல்லாத்தையும் ஒரு இடத்திலை வைக்கக்கூடாது, அப்பா சொல்லித் தந்தவர் எண்டு அண்ணை சொன்னாராம். அந்த அப்பா நீங்களோ எண்டு கேக்கிறார்."

நான் அப்படி ஒன்றும் சொல்லித் தரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. நீ முதலாம் வகுப்பு. சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்கப் பாலம் கடந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த நாள், மழை. காணி உறுதியை என் இடுப்பில் கட்டினேன், பிறப்புப் பத்திரங்களை அம்மாவிடம் கொடுத்தேன், கலியாணப் படங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தேன். உன் பள்ளிக்கூடப் பையில் ஒரு படமும் ஒரு பக்கெற் பிஸ்கற்றும் வைத்தேன். "ஏனப்பா எல்லாத்தையும் ஒரு பைக்குள்ளை வைக்கேல்லை?" என்று கேட்டாய். "ஒரு ஆள் துலைஞ்சாலும் மற்ற ஆளிட்டைக் கொஞ்சம் மிஞ்சும்" என்றேன். அது பாடம் இல்லையடா, பயம். கைதடிக்கு வருமுன் நீ பிஸ்கற்றைத் தின்று முடித்துவிட்டாய், படம் நனைந்து ஊறிவிட்டது. அந்த நாளில் நடந்ததில் இந்தப் பேச்சு எனக்கு நினைவில் இருந்ததே இல்லை. நீ அதைக் கொண்டுபோய் அந்தப் பனி மலையில் விதைத்திருக்கிறாய்.

கதையை முடிக்கும்போது பேராசிரியர் ஒன்று கேட்டார். அவளுக்கு மொழிபெயர்க்க விருப்பமில்லை என்று தெரிந்தது. வற்புறுத்தியதும் சொன்னாள். "உங்கடை நாட்டிலையிருந்து ஏன் எல்லாரும் இவரைப் பற்றி விசாரிக்கினம் எண்டு கேக்கிறார். போன மாதமும் ஒரு பொம்பிளை கேட்டவவாம்."

"ஆர் அது?"

"அங்கிள், வகுப்புக்கு நேரம் போச்சு" என்று வைத்துவிட்டாள். திரும்ப எடுத்துக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாளாம்.

கலியாணம் பொருந்துகிற வீட்டை இரகசியமாக ஒரு பொம்பிளை விசாரிக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் அடுத்ததாக வருவது மொட்டைக் கடிதாசி. வேலை நிலையில்லாத கதை அவள் கையில் போயிருக்கும். பெயர் போடாமல் எழுதித் தர்மலிங்கத்தின் வீட்டுப் படலைக்குள் போட்டால் காரியம் முடிந்தது. யாருக்கு என்னில் பகை? முதலில் வந்த முகம் என் தங்கச்சி, உன் மாமி. அவளுடைய மகளுக்கு வந்த சம்பந்தத்தை நான் குழப்பிய பிறகு அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நேரே போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எடியே, ஜோர்ஜியாவிலை என்ரை மகனை விசாரிச்சது நீயோ?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்கடை மகன்ரை கலியாணத்தைக் குழப்ப நான் ஜோர்ஜியாவுக்குப் போகவேணுமே அண்ணை? அதுக்கு நீங்கள் ஒராள் இஞ்சையே காணும். சாப்பிட்டுட்டுப் போறியளோ?"

சாப்பிட்டேன். மீன் குழம்பு. விசாரித்தது அவள் இல்லை என்பது குழம்பிலேயே தெரிந்தது. பகையோடு சமைத்தவள் நல்ல நடுத்துண்டு மீனை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட மாட்டாள்.

மொட்டைக் கடிதாசி போவதற்கு முதல் நான் போய்விட வேண்டும் என்று அடுத்த நாள் காலை தெல்லிப்பழைக்கு வெளிக்கிட்டேன். சைக்கிளில்தான். பஸ்ஸில் போகச் சொல்லி அம்மா கத்தினாள், கேட்கவில்லை. தர்மலிங்கம் கதிரை போட்டார். நிரோஜா வேலைக்குப் போகிற வெள்ளை உடுப்போடு கதவு நிலையில் நின்றாள். நான் ஊரான்வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலவே உன்னைப் பற்றிச் சொன்னேன். உத்தியோகம் உண்மை. மொழி உண்மை. குடிப்பதில்லை, அதற்குச் சாட்சி கோபமான சாட்சி. பிடிவாதக்காரன். தனக்கு மேலே உள்ளவனைக் கேட்காமல் காரியம் செய்வான். ஊரார் நோவைக் கேட்கக் கிழமைக்கணக்கில் மலையில் போய் இருப்பான், வீட்டில் இருக்க மாட்டான். ஒன்றையும் பூட்டி வைக்க மாட்டான், கொடுத்துவிடுவான். கடைசியாக, அடுத்த வருடம் அந்த வேலை இருக்குமோ தெரியாது. இதைச் சொல்லும்போது நான் நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

தர்மலிங்கம் பழைய பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணை, பஸ் பிந்துறது பிழையில்லை. பிந்துமெண்டு தெரிஞ்சும் சொல்லாமல் விடுறதுதான் பிழை. பெடியன் இதை எங்களுக்குச் சொல்லேல்லையே."

"எனக்கும் சொல்லேல்லை."

"தேப்பனுக்கே ஒளிக்கிறவன் நாளைக்கு என்ரை பிள்ளைக்கு எதை ஒளிப்பான்?"

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் நானே இதைத்தான் கேட்டிருப்பேன். எழும்பிப் போகவேண்டியதுதான் என்று துவாயை எடுத்துத் தோளில் போட்டேன்.

"எனக்குச் சொன்னவர் அப்பா" என்றாள் நிரோஜா. "இரண்டாந்தரம் கதைக்கேக்கையே சொன்னவர். வேலை போகலாம், யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டவர். தன்ரை வீட்டிலை பயப்பிடுவினம், தானே நேரிலை வந்து சொல்லுவன் எண்டவர். உண்மையோ, இல்லாட்டி என்னைச் சோதிக்கச் சொல்லுறாரோ எண்டு எனக்குச் சந்தேகமாயிருந்தது. அதுதான் தனுசிகாவைப் பிடிச்சு விசாரிச்சனான். அவள் என்ரை தங்கச்சியோடை படிச்சவள்."

"போன மாதம் கேட்ட பொம்பிளை நீரோ?"

"ஓம் மாமா. அவரோடை கோவமான ஆள் ஆரெண்டு முதல் கேட்டனான்."

தம்பி, நான் நாற்பது வருடம் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்காத முறை அது. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். வார்டில் நோயாளிக்கு என்ன நடக்கிறது என்று அறிய, அவரோடு சண்டை பிடிக்கிற பக்கத்துக் கட்டில்காரரைத்தான் கேட்பாளாம். தர்மலிங்கம் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரை எடுத்து மடியில் வைத்தார். நாள் வைத்தாயிற்று.

நான் எழும்பினேன். அவள் படலை வரை வந்தாள். "மாமா, நீங்கள் கேக்காத ஒண்டை நான் அந்தப் பேராசிரியரிட்டைக் கேட்டனான்."

"என்னெண்டு?"

"மலைக்குப் போற வான் வண்டிக்குள்ளை இவர் எப்பவும் காதிலை ஒண்டைக் கொழுவிக்கொண்டு எதையோ கேப்பாராம். என்ன எண்டு கேட்டனான். பேராசிரியரும் ஒருநாள் அதை வாங்கித் தன்ரை காதிலை வைச்சுப் பாத்தவராம். ஒரு வயது போன மனுசன் கதைக்கிற குரலாம். மொழி விளங்கேல்லையாம். ஆனா அந்த மனுசன் நோவை ஒளிச்சுக்கொண்டு கதைக்குது எண்டு மட்டும் அவருக்கு விளங்கினதாம். இத்தினை வருஷமாப் பேராசிரியரும் நோவுக் குரல்களைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்." சைக்கிள் ஹாண்டிலை அவள் பிடித்துக்கொண்டாள். "ஆரின்ரை குரலெண்டு நினைக்கிறியள்? ஞாயிற்றுக்கிழமைக் குரல்."

நான் ஹாண்டிலை என் பக்கம் இழுத்தேன்.

"எந்தக் கால் மாமா?"

"இரண்டும் நல்லாத்தான் இருக்குப் பிள்ளை."

"நீங்கள் வரேக்கை சைக்கிளாலை இறங்கினதைப் பாத்தனான். இடது."

இப்போது காரணம் விளங்கியிருக்கும். இந்தச் சங்கதியைப் போனில் சொன்னால் அதையும் நீ ரெக்கோட் பண்ணி, அந்த வான் வண்டிக்குள் இருந்து, பனியைப் பார்த்தபடி கேட்பாய். ஒவ்வொரு ஞாயிறும் "எப்பிடி அப்பா சுகம்?" என்று நீ கேட்கும்போது, டொக்டர் படிப்பை விட்டவன் ஏன் வருத்தம் விசாரிக்கிறான் என்று நான் சந்தேகப்பட்டது சரிதான். களவாகக் கேட்டிருக்கிறாய். நான் "ஒண்டுமில்லை" என்று சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்து, எந்தக் கிழமை எவ்வளவு ஒளிக்கிறேன் என்று பார்த்திருக்கிறாய். தகப்பனை இப்படி விசாரித்த மகனை நான் கேள்விப்பட்டதில்லை. நீ வேலையை ஒளித்தாய், நான் காலை ஒளித்தேன். நல்ல சோடி. இரண்டு பேரையும் பிடித்தவள் ஒருத்தி. அவளிடம் இனிமேல் எதையும் ஒளிக்கலாம் என்று நினைக்காதே. நான் தொழில் தெரிந்தவன், எனக்கே முடியவில்லை. உன் பேராசிரியரோடும் சமாதானமாகு. அந்த மனிதர் உன்னைப் பற்றிக் கோபத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். ஒரு விருந்திலாவது நாக்கை நனைத்துக்கொள், அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். ஐயோ, அவள் இதை வாசிப்பாளே.

கடிதத்தை மூன்று தரம் எழுதினேன். ஒன்று அம்மாவின் பெட்டிக்குள், ஒன்று நிரோஜாவிடம், ஒன்று உனக்கு. ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று எங்கேயோ கேள்விப்பட்டேன்.

இனி உன் அகராதிக்கு. காலையில் எழும்பும்போது இடது முழங்கால் விறைப்பு. மத்தியானம் கடுப்பு. பின்னேரம் உளைவு, அது எலும்புக்குள்ளே இருந்து வருகிறது. கிணற்றடியில் குந்தினால் எழும்ப ஏலாது, வாளியைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறேன், அம்மா காணாமல். நோகுதடா, தம்பி. நல்லா நோகுது. இது எழுத்து, இதில் குரல் இல்லை. குரலோடு கேட்க வேண்டுமென்றால் பொன்னுருக்குக்கு ஒரு கிழமை முந்தியே வந்து, பக்கத்தில் இருந்து கேள். ரெக்கோட் பண்ணுகிற சாமானை அங்கேயே வைத்துவிட்டு வா.

அப்பா